உப்புப் பாறையில் ஒரு திங்கட்கிழமை

சாவ் பாவ்லோவில் அலுவலக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. செவ்வாய் இரவுதான் திரும்பும் விமானம். நடுவில் கிடைத்த நாட்களுக்கு ரியோ டி ஜெனீரோ போவது என்று முடிவு செய்தபோதே எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். இந்த முறை வரலாறு கிடையாது. மியூசியம் கிடையாது. கடற்கரை, பாட்டு, தெரு, சாப்பாடு. அவ்வளவுதான். எந்த ஊருக்குப் போனாலும் கல்வெட்டு தேடி அலைகிறவன் என்று வீட்டில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு.

அந்த நிபந்தனை திங்கட்கிழமை இரவு எட்டு மணி வரை தாங்கியது.

உடைந்த இடம் ஒரு பாறை. பெட்ரா டோ சால் என்று பெயர், அதாவது உப்புப் பாறை. துறைமுகத்தை ஒட்டிய சாவூதே பகுதியில், இரண்டு மாடி பழைய வீடுகளுக்கு நடுவே, பெரிய யானை முதுகு மாதிரி ஒரு கருங்கல் தெருவுக்குள் சரிந்து இறங்குகிறது. அதில் படிகள் வெட்டியிருக்கிறார்கள். அடிவாரத்தில் ஒரு சின்னச் சதுக்கம். நடுவில் ஒரு மேசை, அதைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி சில நூறு பேர். மேடை இல்லை, டிக்கெட் இல்லை. வாசிக்கிறவர்கள் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வட்டத்துக்கு ரோடா என்று பெயர். எழுத்தில்தான் ரோடா. உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘ஹோடா’. ரியோவே அவர்களுக்கு ‘ஹியோ’தான். முதல் நாள் முழுக்க நான் ரியோ, ரியோ என்று சொல்லிக்கொண்டிருந்தது அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்குமோ தெரியவில்லை.

என்னை அழைத்துப் போனவர் எங்கள் டீமில் டெஸ்டிங் பார்க்கும் பெண். மூன்று வருடமாகத் திரையில் மட்டும் பார்த்த முகம். ரியோவின் வடக்குப் பகுதியில், மதுரெய்ராவில் வளர்ந்தவர். “சனிக்கிழமை ராத்திரி டூரிஸ்டுக்கு. திங்கட்கிழமைதான் எங்களுக்கு” என்றார். ஏன் திங்கள் என்று கேட்டேன். வார இறுதி முழுக்க ஓட்டலிலும் கல்யாணத்திலும் வாசித்துப் பிழைக்கிற கலைஞர்களுக்கு ஓய்வுநாள் திங்கள்தான். அன்றைக்கு அவர்கள் தங்களுக்காக வாசிப்பார்கள். நகரத்தின் இன்னொரு மூலையில், ஆந்தராய் பகுதியில் ஒரு கிளப்பில், திங்கள் மதியமே தொடங்கும் ரோடாவுக்குப் பெயரே ‘உழைப்பாளியின் சாம்பா’.

ஆமாம், சாம்பா. நமக்கு சம்பா என்றால் சாகுபடி. அதனால் ஒரு கால் போட்டு எழுதிவிடுகிறேன்.

கையில் பிளாஸ்டிக் டம்ளரில் கைப்பிரின்யா. எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், கஷாசா என்கிற கரும்புச் சாராயம். ஒருவர் சுர்டோ என்கிற பெரிய முரசை நிதானமாக அடிக்கிறார். இரண்டு அடி கொண்ட தாளத்தில் இரண்டாவது அடி கனமாக விழுகிறது. அதன்மேல் பன்டெய்ரோ நம் கஞ்சிராவுக்குப் பெரிய அண்ணன் மாதிரி சலசலக்கிறது. நாலு தந்தி கவாக்கின்யோ அதற்குள் ஊசி குத்துகிறது. பாட்டை ஒருவர் தொடங்குகிறார், இரண்டாவது வரியில் தெருவே பாடுகிறது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கால் கேட்கவில்லை. சத்தியமாக அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தேன். “உப்புப் பாறைன்னு ஏன் பேரு? இங்க கடலே காணோமே?”

அவர் கையைக் கீழே காட்டினார். “நாம நிக்கிற இந்தத் தெருதான் கடல்.”

*

ஒரு காலத்தில் இந்தப் பாறையின் காலடியில்தான் அலை அடித்திருக்கிறது. கப்பலில் வந்த உப்பு மூட்டைகளை இங்கே இறக்கியிருக்கிறார்கள். சுமந்தவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். வழுக்கும் கல்லில் ஏறுவதற்கு வெட்டிய படிகள்தான் இன்றைக்கு நாங்கள் உட்கார்ந்திருந்த இருக்கை. பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்து நகரத்தை நீட்டிவிட்டார்கள். இப்போது தண்ணீர் பல நூறு மீட்டர் தள்ளிப் போய்விட்டது.

பாறையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வலோங்கோ. மறுநாள் காலை தனியாகப் போய்ப் பார்த்தேன். சாலை ஓரமாக ஒரு பள்ளம், சுற்றிக் கம்பி. உள்ளே உருளைக் கற்கள் பாவிய தரை. அதற்குக் கொஞ்சம் மேலே, நன்றாகச் செதுக்கிய கற்களால் இன்னொரு தரை. பக்கத்தில் அலுவலகம் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள். நின்று பார்த்தது நானும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமும்தான்.

கீழே இருக்கும் கரடுமுரடான தரை 1811-ல் போட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பல்கள் மனிதர்களை இறக்கிய துறை அது. அதற்கு முன்பு நகரத்தின் நடுவில், முக்கியக் கடைவீதியிலேயே மனிதச் சந்தை நடந்துகொண்டிருந்தது. நோயோடும் நிர்வாணமாகவும் இறங்குகிறவர்களைக் கனவான்கள் பார்க்க நேர்கிறது என்று 1770களில் அன்றைய வைஸ்ராய் சந்தையை ஊருக்கு வெளியே, வலோங்கோவுக்கு மாற்றச் சொன்னார். கவனியுங்கள், சந்தையை நிறுத்தச் சொல்லவில்லை. கண்ணுக்கு மறைவாக வைக்கச் சொன்னார். இந்த நகரத்தின் கதையில் இதே உத்தரவு திரும்பத் திரும்ப வரும்.

யுனெஸ்கோ கணக்கில் வலோங்கோ வழியாக வந்தவர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேர். மூன்று நூற்றாண்டுகளில் பிரேசில் முழுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 48 லட்சம். அமெரிக்கக் கண்டங்களுக்கு உயிரோடு வந்து சேர்ந்த ஆப்பிரிக்க அடிமைகளில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்த ஒரு நாட்டுக்கு வந்தவர்கள். அடிமை முறை என்றதும் நம் மனதில் வருவது அமெரிக்கப் பருத்திக் காடு. ஹாலிவுட் படம் பார்த்து வளர்ந்த கோளாறு அது.

வந்து சேர்ந்தும் சந்தைக்குப் போகுமுன் செத்தவர்களை அருகிலேயே புதைத்தார்கள். புதைத்தார்கள் என்பதுகூட மரியாதையான வார்த்தை. மேலோட்டமாக மண்ணைத் தள்ளி, இடம் போதாதபோது எரித்து, மேலே நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1996-ல் அந்தப் பகுதியில் ஒரு குடும்பம் வீட்டைப் புதுப்பிக்கத் தரையைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. முதலில் ஏதோ கொலை நடந்த இடமோ என்று பயந்திருக்கிறார்கள். பல் பல்லாக வந்துகொண்டே இருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த வீடு இன்று நினைவகம். தரையில் கண்ணாடி போட்டு, கீழே இருப்பதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

1831-ல் ஆள் கடத்தலைத் தடை செய்து ஒரு சட்டம் வந்தது. பிரிட்டனின் நெருக்கடிக்காகப் போட்ட சட்டம், ‘ஆங்கிலேயன் பார்வைக்காக’ என்று பிரேசிலில் இன்றும் வழங்கும் சொலவடைக்குப் பலர் சொல்லும் பிறப்பிடம் இதுதான். வலோங்கோவில் வியாபாரம் நின்றது, வேறு கரைகளில் திருட்டுத்தனமாகத் தொடர்ந்தது. 1850-ல் வந்த இரண்டாவது சட்டம்தான் கப்பல்களை உண்மையில் நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர், அதில் கிட்டத்தட்ட 80 ஆயிரம் பேர் அடிமைகள். முழு விடுதலை 1888 மே 13-ல்.

அந்த மேல் தரைக்கு வருகிறேன். 1843-ல் பேரரசர் இரண்டாம் பெட்ரோவுக்கு இத்தாலியிலிருந்து மணப்பெண் வந்தார். இளவரசி தெரேசா கிறிஸ்தினா. அவர் இறங்குவதற்காக வலோங்கோ துறையின் மேலேயே புதுத் துறை கட்டினார்கள், பேரரசியின் துறை என்று பெயரும் வைத்தார்கள். பழையதைப் பெயர்த்து எடுக்கவில்லை. மூடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுத் துறைமுகம் கட்டியபோது இரண்டையும் சேர்த்து மூடினார்கள். 2011-ல், ஒலிம்பிக்கை முன்னிட்டுத் துறைமுகப் பகுதியை அழகுபடுத்தத் தோண்டியபோது, தேசிய அருங்காட்சியகத் தொல்லியலாளர்கள் இரண்டையும் கண்டெடுத்தார்கள். மணிகள், சோழிகள், தாயத்துகள், நார் பின்னிய மோதிரங்கள் எல்லாம் கிடைத்தன. 2017-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். பத்து வருடப் பழைய கோடு, யாருக்கும் தொட தைரியம் இல்லை, மேலே இன்னொரு அடுக்கு போட்டு மறைத்துவிடுவோம். என்றைக்காவது யாராவது அடியில் கை வைக்கும்போது எல்லாம் சேர்ந்து வெளியே வரும். கோட்டில் எலும்பு வராது என்பதுதான் வித்தியாசம்.

கைப்பிரின்யாவையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் ரியோவிலிருந்து அங்கோலாவின் லுவாண்டாவுக்குப் போன கப்பல்களில் பீப்பாய் பீப்பாயாகக் கஷாசா போனது. அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். வழியில் அவர்களுக்குப் போட்ட சாப்பாடு பிரேசிலின் மரவள்ளி மாவு. இதை நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் பாறையில் உட்கார்ந்து டம்ளரை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வரவில்லை. வலோங்கோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் வந்தது.

*

ஆனால் இங்கே இறக்கப்பட்டவர்கள் செத்து மட்டும் போகவில்லை. இதைச் சொல்லாமல் வலோங்கோவைப் பற்றி மட்டும் பேசுவது ஒருவகை அநியாயம்.

ரியோவில் அடிமைகளில் பலர் தெருவில்தான் பிழைத்தார்கள். எஜமான் காலையில் அனுப்பிவிடுவான். பாரம் சுமந்தோ, முடி திருத்தியோ, பலகாரம் விற்றோ, மாலையில் ஒரு குறிப்பிட்ட தொகையை அவன் கையில் வைக்க வேண்டும். மிஞ்சியது இவர்களுக்கு. அந்த மிச்சத்தைச் சேர்த்துச் சேர்த்துத் தன்னையே விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. தட்டில் பழமும் தின்பண்டமும் விற்ற பெண்களுக்கு கிதான்தெய்ரா என்று பெயர். சந்தையைக் குறிக்கும் கிம்புண்டு மொழிச் சொல்லிலிருந்து வந்தது. பிரேசிலில் காய்கறிக் கடைக்கு இன்றும் கிதான்தா என்றுதான் பலகை வைக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் வடக்கே பாயியா மாநிலத்திலிருந்து கறுப்பின மக்கள் பலர் ரியோவுக்கு வந்து, துறைமுகத்தையும் அதை ஒட்டிய புதுநகர்ப் பகுதியையும் சுற்றிக் குடியேறினார்கள். பிற்பாடு இதற்கு ‘குட்டி ஆப்பிரிக்கா’ என்று பெயர் வந்தது. அதில் ஒருவர் ஹிலாரியா பாட்டிஸ்டா டி அல்மெய்டா. ஊருக்கு அவர் தியா சியாத்தா, சியாத்தா அத்தை. 1854-ல் பாயியாவில் பிறந்து, இருபதுகளில் ரியோ வந்து, வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டுமாகத் தெருவில் இனிப்பு விற்றவர். கந்தோம்பிளே மதத்தில் முக்கியமான தாய்.

அவர் வீடு பிராசா ஒன்ஸி என்ற சதுக்கத்துக்கு அருகில். அந்த வீட்டின் அமைப்பைப் பற்றிச் சொல்வார்கள்: முன்கூடத்தில் மரியாதையான நடன இசை, உள்ளே சாம்பா, பின்கட்டில் வழிபாட்டு முரசு. போலீஸ் எட்டிப்பார்த்தால் முன்கூடம்தான் தெரியும். இது எவ்வளவு தூரம் அப்படியே உண்மை, எவ்வளவு பின்னால் அழகாகச் சொன்னது என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் இருக்கிறது. ஆனால் போலீஸ் பயம் உண்மை. விடுதலை வந்து இரண்டு வருடத்தில், 1890 குற்றவியல் சட்டத்தில், வேலையில்லாமல் திரிவதும் கப்போய்ரா ஆடுவதும் ஒரே அத்தியாயத்தில் குற்றமாயின. யாருக்கும் சம்பளமும் தரவில்லை, நிலமும் தரவில்லை. சும்மா நின்றால் மட்டும் உள்ளே போடுவோம் என்றார்கள்.

பாறைக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னச் சதுக்கத்துக்கு ஜோவாவ் டா பாயியானா என்ற இசைக்கலைஞரின் பெயர். அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை: 1908-ல் பென்யா கோயில் திருவிழாவில் போலீஸ் அவர் பன்டெய்ரோவைப் பிடுங்கிக்கொண்டது. அன்றைய செல்வாக்குள்ள செனட்டர் பின்யெய்ரோ மஷாடோ தன் வீட்டு விருந்துக்கு அவரை எதிர்பார்த்துக் காத்திருந்து, ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது, வாத்தியம் இல்லை என்று தெரிந்தது. உடனே புதிதாக ஒரு பன்டெய்ரோ செய்து, தன் பெயரையும் அதில் பொறித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தப் போலீசும் அதைத் தொடவில்லை. ஒரு தோல் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொள்ள செனட்டரின் கையெழுத்து தேவைப்பட்டது. தோல் வாத்தியம் என்றாலே முகம் சுளிக்கிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சியாத்தா அத்தை வீட்டு வட்டத்தில் உருவான ஒரு பாட்டை, 1916 நவம்பரில், டொங்கா என்ற இளைஞர் தேசிய நூலகத்தில் தன் பெயரில் பதிவு செய்தார். ‘பெலோ டெலிஃபோனி’, அதாவது ‘தொலைபேசியில்’. மறு ஆண்டுக் கார்னிவலில் பெரிய ஹிட். இசைத்தட்டில் வந்த முதல் சாம்பா என்று வழக்கமாகச் சொல்லப்படுவது. வீட்டுக்காரர்கள் கொதித்துப்போனார்கள், அத்தை உட்பட. எல்லோரும் சேர்ந்து ஆளுக்கொரு அடி போட்டுப் பாடியதை ஒருத்தன் எப்படித் தன்னுடையது என்று எழுதிக்கொள்ளலாம்? ஓபன் சோர்ஸ் சண்டைகளில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. டொங்கா செய்தது சரியில்லை. ஆனால் அவர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் ஏதாவது ஒரு கம்பெனிக்காரன் செய்திருப்பான். காகிதத்தில் பெயர் வருவது என்பது, போன தலைமுறை வரை ஏலக் காகிதத்தில் மட்டும் பெயர் வந்த ஒரு சமூகத்துக்கு, சின்ன விஷயம் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்த கட்டம். 1920களின் கடைசியில் எஸ்டாசியோ பகுதியைச் சேர்ந்த பையன்கள், இஸ்மாயேல் சில்வாவும் கூட்டாளிகளும், அத்தை வீட்டுக் காலத்துச் சாம்பாவில் ஒரு சிக்கலைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் ஆட நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குத் தெருவில் நடக்க முடியவில்லை. அவர்களுக்கு வேண்டியது கூட்டமாகப் பாடிக்கொண்டே, ஆடிக்கொண்டே, முன்னால் நகர்ந்து போக ஒரு தாளம். அதற்காக அடியை மாற்றினார்கள். பின்னால் வருகிறவனுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக, பீடே என்கிற பார்செலோஸ் பெரிய வெண்ணெய் டின்னில் தோல் கட்டிச் செய்ததுதான் முதல் சுர்டோ என்கிறார்கள். 1928-ல் தொடங்கிய அவர்கள் குழுவின் பெயர் டெய்ஷா ஃபலார், ‘பேசினால் பேசட்டும்’. பக்கத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்ததால் நாமும் ஒரு பள்ளிதான் என்று கேலியாகச் சொன்னதிலிருந்து ‘சாம்பா பள்ளி’ என்ற பெயர் வந்ததாக இஸ்மாயேலே சொல்லியிருக்கிறார். பாறையில் என் கால் கேட்காமல் போனதற்குக் காரணம் இந்த வெண்ணெய் டின். உலகம் முழுக்க சாம்பா என்று நாம் கேட்கும் ஒலியை வடிவமைத்தது நடக்க வேண்டும் என்ற தேவை.

பிறகு அரசாங்கம் வந்தது. 1932-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை நடத்திய முதல் போட்டி பிராசா ஒன்ஸியில்தான் நடந்தது, மாங்கேய்ரா வென்றது. 1935-லிருந்து நகராட்சிப் பணம். கெதூலியோ வர்காஸின் ஆட்சியில் சாம்பா தேசத்தின் குரலானது, வானொலியில் ஒலித்தது. அதே ஆட்சியில், 1940களின் தொடக்கத்தில், பிராசா ஒன்ஸி இடிக்கப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களை உடைத்து, அகலமான ஒரு சாலை. சாலைக்குப் பெயர் என்ன? பிரெசிடெண்ட் வர்காஸ் அவென்யூ. அப்போது பதவியில் இருந்தவர் பெயர்தான். இடிபடப்போகும் சதுக்கத்தைப் பற்றியே 1942 கார்னிவலுக்கு ஒரு சாம்பா வந்து ஊரெல்லாம் பாடியது. சாலை நிற்கவில்லை.

*

கடற்கரையைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இபனேமாவில்தான் கிடந்தேன்.

ஓட்டலில் துண்டு கேட்கப் போனபோது ஒரு வேடிக்கை. மொழிபெயர்ப்பு ஆப்பில் பார்த்தால் ‘தோவாலியா’. அட, துவாலை! அறைக்குச் சாவி கொடுத்தார்கள், ‘ஷாவி’. ஜன்னல் ‘ஜனேலா’. மேசை ‘மேசா’. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் நம் கரையில் இறங்கிய அதே ஆட்கள் விட்டுப்போன சொற்கள். ஒரு வார்த்தை தெரியாத ஊரில் திடீரென்று வீட்டுச் சாமான் எல்லாம் தமிழில் பேசியது. துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு பெருமையாகக் கடற்கரைக்குப் போனால், அங்கே யாரிடமும் துவாலை இல்லை. உள்ளூர்க்காரர்கள் கங்கா என்ற மெல்லிய துணியைத்தான் விரிக்கிறார்கள். ஓட்டல் துவாலை வைத்திருப்பவன் வெளிநாட்டான் என்று கிலோமீட்டர் தூரத்திலிருந்து தெரியும்.

மணலில் வியாபாரம் ஓயவே இல்லை. இரண்டு தோளிலும் இரண்டு உலோக டிரம் தொங்கவிட்டு, ஒன்றில் குளிர்ந்த மாத்தே டீ, இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு, கேட்கும் அளவில் கலந்து ஊற்றுகிறார்கள். கூடவே குளோபோ என்ற வளையப் பொரி பிஸ்கட். வாயில் போட்டால் கரைந்து காற்றாகிவிடுகிறது. இதை எங்கேயோ சாப்பிட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். ஜவ்வரிசி வடாம்! அதே மரவள்ளி மாவு. பிரேசிலின் பூர்வகுடிகள் பயிரிட்ட கிழங்கு போர்த்துக்கீசியக் கப்பல்களில் நம் பக்கம் வந்துதான் பின்னாளில் சேலத்தில் ஜவ்வரிசி ஆனது. டிரம்மைச் சுமந்து போகிறவரின் முதுகைப் பார்த்தேன். தலையில் தட்டோடு இதே ஊரில் கூவி விற்ற அந்தப் பெண்களின் நேர் வாரிசு. ஒரே வித்தியாசம், மாலையில் எஜமானிடம் கொடுக்க வேண்டியதில்லை. மற்றபடி உரிமம் இல்லாத வியாபாரிகளை நகராட்சிக் காவலர்கள் துரத்துவதை அன்றைக்கே இரண்டு முறை பார்த்தேன்.

கடற்கரை இன்பத்துக்கான இடம் என்பதே இங்கே புது யோசனை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடு வரை ரியோவின் விரிகுடாக் கரை நகரத்தின் கொல்லைப்புறம். வீடுகளின் மலத்தை அடிமைகள் தலையில் பீப்பாயில் சுமந்து வந்து கரையில் கொட்டினார்கள். வழிந்த கழிவு உடம்பில் வரிவரியாகத் தடம் போட்டதால் அவர்களைப் ‘புலிகள்’ என்று அழைத்தார்கள். கடல் குளியல் வைத்தியமாகத்தான் தொடங்கியது. கோபகபானா 1892 வரை கிட்டத்தட்ட ஆளில்லாத மணல். அந்த ஆண்டு டிராம் கம்பெனி மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டது. அதற்குப் பிறகுதான் மனை விற்பனை, பங்களாக்கள், 1923-ல் அந்த வெள்ளை மாளிகை ஓட்டல், 1940களில் அடுக்குமாடிகள். பிந்தி வந்தவர்கள் முந்தி இருந்தவர்களைக் கேள்வி கேட்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே ஒரு படி மேலே போய்க் கடற்கரையே பிந்தி வந்தது. நாம் படத்தில் பார்க்கும் அந்த அகலமான மணல்கூட 1970-ஐ ஒட்டி மணலைக் கொட்டி அகலப்படுத்தியதுதான். கறுப்பு வெள்ளை அலை ஓடும் நடைபாதையின் இன்றைய வடிவத்தை அப்போது போட்டவர் தோட்டக்கலைஞர் புர்லே மார்க்ஸ். அலை வடிவம் லிஸ்பன் நகரச் சதுக்கத்திலிருந்து வந்தது.

அழகுதான். பொய் சொல்லவில்லை. அர்ப்போவதோர் பாறையில் சூரியன் இறங்கும்போது கூட்டம் முழுக்க எழுந்து கைதட்டுகிறது. நானும் தட்டினேன்.

*

திங்கள் இரவு பாறையிலிருந்து இறங்கி நடக்கும்போது நண்பரிடம் கேட்டேன், சின்ன வயதில் ஞாயிறு தோறும் கடற்கரைதானா என்று.

சிரித்தார். “ரெண்டு பஸ். ஒன்றரை மணி நேரம். அப்பா ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கிட்டு வருவார். இறங்கினதும் அம்மா சொல்ற முதல் வார்த்தை, ஓடாதே. கடற்கரையில ஓடாதேன்னு எந்த அம்மாவாவது சொல்வாளா?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பிரேசிலில் தனியார் கடற்கரை கிடையாது. எல்லோரும் தடையில்லாமல் வரலாம் என்று 1988-ல் சட்டமே இருக்கிறது. ஆனால் வடக்கிலிருக்கும் உழைப்பாளர் குடியிருப்புகளுக்கும் தெற்கிலிருக்கும் கடற்கரைக்கும் நடுவே மலை. 1967-ல் ரெபோசாஸ் சுரங்கப்பாதை திறந்தது. 1980களில் அதன் வழியாக வடக்கிலிருந்து இபனேமாவுக்கு நேரடிப் பேருந்துகள் வந்தபோது, இபனேமாவாசிகள் சிலர் பத்திரிகைகளில் வெளிப்படையாகவே புலம்பினார்கள். 1992 அக்டோபரில் ஒரு ஞாயிறு, அர்ப்போவதோரில் புறநகர் இளைஞர் கும்பல்களுக்குள் நடந்த மோதலில் மொத்தக் கூட்டமும் சிதறி ஓடியது. தொலைக்காட்சி அதைக் கடற்கரையை வாரிச் சுருட்டிய கொள்ளை என்று நாள்கணக்கில் காட்டியது. அதற்குப் பிறகு கடற்கரையில் ஓடும் கறுப்புப் பையன் என்றால் என்ன அர்த்தம் என்பது முடிவாகிவிட்டது. 2015-ல் கோடைக்கு முன்பே போலீஸ் பேருந்துகளை மறித்து, குற்றம் எதுவும் செய்யாத பையன்களை இறக்கியது. சும்மா சந்தேகத்தின் பேரில் பிடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு, சீரமைப்பு என்ற பெயரில் வடக்கு தெற்கு நேரடிப் பேருந்து வழித்தடங்கள் பலவற்றை வெட்டினார்கள்.

“கடற்கரைக்கு வேலி போடல. பஸ்ஸை நிறுத்திட்டாங்க” என்றார். வைஸ்ராய் சந்தையை மாற்றிய கதை அடுத்த நாள் காலை வலோங்கோவில் பலகையைப் படிக்கும்போது எனக்கு இந்த வாக்கியத்தோடுதான் ஒட்டிக்கொண்டது.

பாறையைச் சுற்றி வாழும் சில குடும்பங்கள், தங்களை அந்த அடிமைகளின் வழிவந்த கிலோம்போ சமூகம் என்று அறிவித்து, பல வருடமாக வீட்டு நிலத்துக்கு உரிமை கேட்டு வருகிறார்கள். ஒலிம்பிக் அழகுபடுத்தலுக்குப் பிறகு அங்கே வாடகை ஏறிவிட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தால் தூக்கம் போகிறது என்று சொல்கிறவர்களும் அங்கே உண்டு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன், டம்ளரோடு. அந்த இடத்தில் ஆடியிருக்கலாமா என்று நண்பரிடம் கேட்டேன். கொஞ்சம் நாடகத்தனமான கேள்விதான்.

அவர் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எங்க பாட்டி போர்டெலா பள்ளியில நாற்பது வருஷம் ஆடினவ. துக்கம் கொண்டாடத்தான் இடம் வேணும்னா பின்னாடி பெரிய சர்ச் இருக்கு. இங்க வந்தவன் ஆடணும். ஆனா ஒண்ணு, டம்ளரைக் கீழ போடாதே. காலைல கூட்டிப் பெருக்குறது யாருன்னு பாத்தியா?”

பார்த்தேன். செவ்வாய் காலை வலோங்கோவிலிருந்து திரும்பி நடந்தபோது பாறை காலியாக இருந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர் படிகளில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விசில் அடித்துக்கொண்டிருந்தார், முந்தைய இரவு தெருவே பாடிய பாட்டு. மேல்படியில் ஒரு கிழவி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் தன் வாசல் பக்கம் வருகிறது என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.